கப்பலேறியவரை விடுங்கள், ஊரில் தங்கியவரைத் தேடுங்கள்: ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் தளம் எப்படி?

19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடுகிறீர்கள் என்றால், காசு செலவழிக்க வேண்டிய இடம் ஒன்றுதான். அது ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள். ஸ்காட்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகமே நடத்துகிற தளம். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள், தேவாலய ஏடுகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, உயில், வீட்டு வரி மதிப்பீட்டுப் பட்டியல் எல்லாம் ஒரே இடத்தில், அதுவும் யாரோ தட்டச்சு செய்த வரியாக இல்லாமல் அந்தக் காலத்துப் பதிவாளர் மையில் எழுதிய பக்கமாகவே கிடைக்கிறது. ஆனால் இதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாமல் உள்ளே போனால் காசு கரைந்துகொண்டே இருக்கும், கையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு ஏன் இந்த வேலை என்றால், எங்கள் மாப்பிள்ளை நியூசிலாந்தின் டனீடனைச் சேர்ந்தவர், அவர் குடும்பம் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. பேத்தி பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். எங்கள் பக்கம் ஐந்து தலைமுறை நானே வாயால் சொல்லிவிட்டேன், அவர்கள் பக்கம் ஒரு பெயருக்கு மேல் நகரவில்லை. சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் "நாங்கள் பிலிப் லாயிங் கப்பலில் வந்தவர்கள்" என்பதுதான். (குடும்பப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, அவர்கள் விருப்பம் அப்படி.)

பிலிப் லாயிங் என்பது ஒடாகோ பகுதியில் பெரிய பெருமை. ஸ்காட்லாந்து தேசியத் திருச்சபையிலிருந்து 1843இல் பிரிந்துபோன ஃப்ரீ சர்ச் ஆட்கள் தங்களுக்கென்று ஒரு குடியேற்றம் வேண்டுமென்று உருவாக்கியதுதான் டனீடன். 1848 மார்ச்சில் ஜான் விக்ளிஃப் கப்பல் முதலில் வந்தது, ஏப்ரலில் பிலிப் லாயிங் வந்து சேர்ந்தது. அது 1847 நவம்பரில் கிரீனக் துறைமுகத்திலிருந்து கிளம்பியது, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளையான போதகர் தாமஸ் பர்ன்ஸும் அதில்தான் வந்தார். அந்த ஊரில் பழைய குடும்பம் என்று சொல்லிக்கொள்கிற பலரும் அந்தக் கப்பலைச் சொல்வார்கள். இவர்கள் வீட்டு ஆள் அதில் இல்லை. நியூசிலாந்து ஆவணக் காப்பகத்தின் பயணிகள் பட்டியல்கள் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன, அதில் பார்த்தால் அவர் சில வருஷம் கழித்து வேறொரு கப்பலில் வந்திருக்கிறார். பட்டியலில் பெயர், வயது, தொழில் "உழவு வேலையாள்". ஸ்காட்லாந்தில் எந்த ஊர், அப்பா அம்மா யார் என்பதற்கு அதில் ஒரு எழுத்தும் கிடையாது.

சரி, நியூசிலாந்தில் வேறு என்ன கிடைக்கும்? அவர் 1871இல் இறந்திருக்கிறார். அந்த நாட்டில் இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர், பிறந்த ஊர் எல்லாம் எழுத ஆரம்பித்தது 1876இல். திருமணப் பதிவில் பெற்றோர் பெயர் வந்தது 1880இல். இரண்டுக்கும் முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. டனீடன் அருகே கிழக்கு தையரி தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் கல்லில் "ஃபார்ஃபர்ஷயரில் பிறந்தவர், வயது 45" என்று இருக்கிறது. ஃபார்ஃபர்ஷயர் என்பது இன்றைய ஆங்கஸ் மாவட்டம் முழுக்க. நம் ஊர்க் கல்லில் "தஞ்சாவூர் ஜில்லா" என்று மட்டும் எழுதினால் எந்தக் கிராமத்தைப் போய்த் தேடுவது?

இங்கேதான் பலரும் ஒரு பெரிய சந்தா தளத்துக்குப் போய், வேறு யாரோ போட்டு வைத்த குடும்ப மரத்தை அப்படியே இறக்கிக்கொள்கிறார்கள். சம்பந்தி வீட்டு உறவினர் ஒருவருக்கும் அப்படி ஒரு மரம் ரெடியாகக் கிடைத்தது. அதில் அம்மா என்று போட்டிருந்த பெண்மணி, பிள்ளை பிறந்தபோது எட்டு வயதுக் குழந்தை. அந்த மரத்தை இன்னும் பலர் நகல் எடுத்து வைத்திருந்தார்கள், ஒருவர்கூட வயதைக் கழித்துப் பார்க்கவில்லை. ஸ்காட்லாந்து விஷயத்தில் இந்தச் சந்தா தளங்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. கணக்கெடுப்பு போன்றவற்றில் பெரும்பாலும் படியெடுத்த வரிகள்தான் இருக்கும், அசல் பக்கம் இருக்காது. எழுத்தைத் தப்பாகப் படித்தார்களா என்று நாம் சரிபார்க்க வழியே இல்லை.

ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிளில் மாதச் சந்தா கிடையாது. கணக்குத் தொடங்கி, பெயரைப் போட்டுத் தேடுவது இலவசம். பட்டியலில் பெயர், வருஷம், பதிவு செய்த வட்டாரம் வரும். அசல் பக்கத்தைத் திறக்க மட்டும் கிரெடிட் (முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கி வைக்கும் புள்ளிகள்) வேண்டும். பதிவேட்டுப் பக்கம் ஒன்றுக்கு 6 கிரெடிட், டனீடனில் ஒரு காபி குடிக்கிற காசைவிடக் குறைவுதான். ஒருமுறை திறந்த படம் உங்கள் கணக்கிலேயே இருக்கும், மறுபடி காசு கேட்காது. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது. வருஷ சந்தா கட்டிவிட்டால் கட்டிய காசுக்கு எதையாவது இறக்கிக்கொண்டே இருப்போம். இங்கே ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் "இவர்தானா?" என்று நிதானமாக யோசிக்க வைக்கிறது. அந்த யோசனைதான் இந்த வேலையில் பாதி.

இப்போது முக்கியமான விஷயம். ஸ்காட்லாந்தில் பிறப்பு இறப்புகளைக் கட்டாயமாக அரசு பதிவு செய்ய ஆரம்பித்தது 1855 ஜனவரி 1. இங்கிலாந்தில் அது 1837லேயே வந்துவிட்டது, ஆனால் தாமதமாக ஆரம்பித்தாலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் செய்த வேலை வேறு ரகம். இங்கிலாந்தின் அந்தக் காலத்து இறப்புப் பதிவில் இறந்தவரின் அப்பா அம்மா பெயர் வராது. ஸ்காட்லாந்தில் முதல் நாளிலிருந்தே அப்பா பெயர், அப்பாவின் தொழில், அம்மாவின் பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் எல்லாம் வரும். அதாவது 1855இல் எழுபது வயதில் ஒரு கிழவி இறந்தால், 1780களில் அவளைப் பெற்றவர்கள் யார் என்று ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும்.

அந்த முதல் வருஷம், 1855, ஒரு பொக்கிஷம். இறந்தவர் எந்த ஊரில் பிறந்தார், இந்த வட்டாரத்தில் எத்தனை வருஷமாக இருக்கிறார், யாரைக் கட்டினார், எத்தனை பிள்ளைகள், ஒவ்வொரு பிள்ளையின் பெயர், வயது, முன்னமே இறந்துவிட்ட பிள்ளை என்றால் அதுவும், எங்கே புதைத்தார்கள், புதைத்ததை உறுதி செய்தவர் யார், இவ்வளவும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். வேலை தாங்க முடியவில்லை என்று பதிவாளர்கள் புலம்பியதால் 1856இலேயே பல கட்டங்களை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் பட்டியல் அந்த ஒரு வருஷத்தோடு சரி. இவ்வளவு நல்ல படிவத்தை ஒரு வருஷம்தான் வைத்திருந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

எங்கள் ஆள் 1855க்கு முன்பே கப்பலேறியவர். அதனால் அவருடைய பெயரைப் போட்டுத் தேடினால் அரசுப் பதிவில் ஒன்றும் வராது, வரவும் முடியாது. புலம்பெயர்ந்தவர்களைத் தேடுகிற பலர் இந்தச் சுவரில் முட்டிக்கொண்டு "ஆவணம் இல்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. கப்பலேறியது ஒருவர், ஊரிலேயே தங்கிவிட்டவர்கள் அம்மா, அப்பா, அக்கா, தம்பி என்று ஐந்தாறு பேர். அவர்களெல்லாம் 1855க்குப் பிறகு ஸ்காட்லாந்திலேயே இறந்திருப்பார்கள். அவர்களுடைய இறப்புப் பதிவுதான் போனவருக்கு வழி.

ஆனால் அம்மா யார் என்றே தெரியாதபோது அம்மாவின் இறப்பை எப்படித் தேடுவது? இதற்குப் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த முறை உதவியது. ஸ்காட்லாந்தில் பழைய வழக்கப்படி மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாவது மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எல்லா வீட்டிலும் அப்படியே நடந்தது என்று நம்பிவிட முடியாது, ஆனால் தேட ஆரம்பிக்க ஒரு நுனி கிடைக்கும். தையரியில் பிறந்த அவருடைய மூத்த மகன், இரண்டாவது மகள் பெயர்களை எடுத்துக்கொண்டு, ஃபார்ஃபர்ஷயரில் அந்த இரண்டு பெயர்களும் கணவன் மனைவியாக வருகிற 1820 வாக்கிலான திருமணங்களைப் பழைய தேவாலய ஏடுகளின் பட்டியலில் தேடினேன். பொருந்துகிற மாதிரி இரண்டு ஜோடிகள் வந்தன.

அடுத்தது இறப்பு. ஸ்காட்லாந்துப் பதிவுகளில் கல்யாணமான பெண் தன் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரை இழப்பதில்லை. இறப்புப் பட்டியலில் இரண்டு பெயரிலும் தேடலாம். இது பெரிய வசதி, இங்கிலாந்துப் பதிவுகளில் இதற்காக ஏங்க வேண்டும். இரண்டு பெண்களில் ஒருத்தி 1855இல் இறந்திருந்தாள். வருஷத்தைப் பார்த்ததும் யோசிக்காமல் 6 கிரெடிட் கொடுத்துத் திறந்தேன்.

ஒரு பக்கத்துக்கு மூன்று பேர். இவள் நடுவில் இருந்தாள். உழவு வேலையாளின் விதவை, வயது அறுபதுக்கு மேல். பெயருக்குப் பக்கத்தில் எம்.எஸ். என்று இரண்டு எழுத்து, அதற்கடுத்து பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். அடுத்த கட்டத்தில் அவளுடைய அப்பா நெசவாளி, அம்மா பெயர் இன்னது. அதற்கடுத்து பிள்ளைகள். இடம் போதாமல் பதிவாளர் எழுத்தைச் சிறிதாக்கிச் சிறிதாக்கி ஏழு பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நெருக்கி எழுதியிருந்தார். அதில் நான்காவதாக நம் ஆள், வயது 29. கல்லறைக் கல் கணக்குப்படி 1826இல் பிறந்தவருக்கு 1855இல் 29தான். ஏழாவதாக ஒரு தங்கை, அந்தத் தங்கையின் பெயர் எங்களுக்கு ஏற்கெனவே தெரியும், ஏனென்றால் டனீடனில் நடந்த அவருடைய கல்யாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்து அவளுடையது. ஆக இரண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கிறார்கள், அந்த விஷயமே குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. தகவல் சொன்னவர் மூத்த மகன். அவருக்கு எழுதத் தெரியாததால் ஒரு பெருக்கல் குறி, அதற்கு இருபுறமும் பதிவாளர் அவர் பெயரை எழுதி, பக்கத்தில் இரண்டு சாட்சிகள். இரண்டு பிள்ளைகள் உலகத்தின் மறுகோடியில் இருக்க, அண்ணன் அவர்களுடைய வயதை மறக்காமல் சொல்லி எழுத வைத்திருக்கிறார் என்பதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை, சம்பந்தியம்மா அழுதுவிட்டார்.

அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு, ஞானஸ்நானப் பதிவைப் பக்கத்து வட்டாரத்தில் பிடித்தோம், அப்புறம் பாட்டியின் பெற்றோருடைய கல்யாணம் வரை போக முடிந்தது.

தேவாலய ஏடுகளைப் பற்றி எச்சரிக்கையாக ஒரு வார்த்தை. பழைய பாரிஷ் ஏடுகள் (தேசியத் திருச்சபை வட்டாரம் வட்டாரமாக எழுதி வைத்தவை) 1553இலிருந்து இருக்கின்றன, மிகப் பழையது பெர்த்ஷயரின் எரல் ஊருடையது, ஆனால் எல்லா ஊருக்கும் அவ்வளவு பழையது கிடையாது. பதிவு செய்வது கட்டாயமாகவும் இல்லை. திருமண அறிவிப்பை மணமகன் ஊரிலும் மணமகள் ஊரிலும் இரண்டு இடத்தில் எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்து இரண்டு கல்யாணம் என்று நினைத்துவிடாதீர்கள். அடக்கப் பதிவு பல ஊர்களில் இல்லவே இல்லை. 1843 பிரிவுக்குப் பிறகு ஃப்ரீ சர்ச் குடும்பத்துப் பிள்ளைகள் இந்த ஏடுகளில் வராமல் போய்விடுவார்கள். ஒடாகோவுக்கு வந்தவர்களில் பலர் அந்தச் சபைக்காரர்கள் என்பதால் இது நேராக உங்களைப் பாதிக்கும். மற்ற சபைகளின் ஏடுகள் என்று தனிப் பிரிவு ஒன்று தளத்தில் உண்டு, அதையும் தட்டிப் பாருங்கள்.

கணக்கெடுப்பு 1841இலிருந்து பத்து வருஷத்துக்கு ஒருமுறை. 1841 மட்டும் சிக்கல் பிடித்தது: 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், 19 வயதுப் பையனும் 15 என்றுதான் வருவான். வீட்டில் யார் யாருக்கு என்ன உறவு என்பதும் இல்லை. பிறந்த ஊருக்குப் பதில் "இதே மாவட்டமா" என்பதற்கு ஆம், இல்லை மட்டும். 1851இலிருந்து சரியான வயது, உறவு, பிறந்த வட்டாரம் எல்லாம் வந்துவிடும். உழவு வேலையாட்கள் குடும்பம் என்றால் ஒரு பிள்ளை ஒரு ஊரிலும் அடுத்த பிள்ளை வேறு ஊரிலும் பிறந்திருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஒப்பந்தம் முடிந்ததும், மே மாத விட்சண்டே அல்லது நவம்பர் மாத மார்ட்டின்மஸ் தவணை நாளில் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போவது அவர்களுடைய வாழ்க்கை. முகவரியில் பண்ணையின் பெயர் மட்டும் இருக்கும். அதற்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளம் இருக்கிறது, முற்றிலும் இலவசம். 19ஆம் நூற்றாண்டு நில அளவை வரைபடத்தில் அந்தப் பண்ணை வீடும் கிணறும்கூடத் தெரியும். எங்கள் குடும்பம் இருந்த மூன்று பண்ணைகளும் ஒன்றுக்கொன்று நடந்து போகிற தூரம்தான்.

தங்கியவர்களைத் தேடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு, எல்லாருக்கும் தெரிந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். எஃகு ஆலை அதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் அப்பா வில்லியம், டன்ஃபர்ம்லின் ஊரில் கைத்தறியில் டமாஸ்க் துணி நெய்தவர். நீராவித் தறி வந்து பிழைப்பைக் கெடுத்ததும் தறிகளை விற்று, குறைந்த 20 பவுண்டைக் கடன் வாங்கி, 1848இல் கிளாஸ்கோவிலிருந்து கப்பலேறி அமெரிக்காவின் அலெகெனி போய்ச் சேர்ந்தார்கள். வில்லியம் இறந்தது 1855. ஸ்காட்லாந்தில் இறந்திருந்தால் அந்த அற்புதமான படிவத்தில் அவருடைய பெற்றோர், பிள்ளைகள் எல்லாம் ஒரே வரிசையில் வந்திருப்பார்கள். அலெகெனியில் இறந்ததால் அது இல்லாமல் போனது. பெயர் வைக்கும் வழக்கமும் அங்கே அப்படியே பொருந்துகிறது: ஆண்ட்ரூ என்பது அப்பாவின் அப்பா பெயர், தம்பி தாமஸ் என்பது அம்மாவின் அப்பா பெயர். பணக்காரராகி வாழ்க்கை வரலாறு எழுதியதால் அந்தக் குடும்பத்தின் கதை நமக்குத் தெரிகிறது. எழுதாத உழவர்களுக்கும் நெசவாளிகளுக்கும் இந்தப் பதிவேடுகளை விட்டால் வேறு கதி இல்லை.

இந்தத் தளத்தில் கிடைக்காதவை எவை என்றும் சொல்லிவிடுகிறேன். கப்பல் பயணிகள் பட்டியலைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பிரிட்டனிலிருந்து வெளியேறியவர்களின் பொதுவான பட்டியல் மிஞ்சியிருப்பதே 1890இலிருந்துதான், அதற்கு முன்னால் போய் இறங்கிய நாட்டில் தேட வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு, மேட்டுநிலம் மற்றும் தீவுகளின் குடியேற்றச் சங்கம் 1852 முதல் 1857 வரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவைத்த ஏறத்தாழ 5,000 பேரின் பட்டியல். உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பின் ஸ்கை போன்ற தீவுகளிலிருந்து போனவர்கள் உங்கள் முன்னோர் என்றால் முதலில் அதைப் பாருங்கள். சபை நிர்வாகக் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகளும் தளத்தில் உண்டு. திருமணத்துக்கு முன் பிள்ளை பெற்ற பெண்ணைக் கூப்பிட்டு அப்பா யார் என்று கேட்ட விசாரணையெல்லாம் அப்படியே எழுதியிருக்கிறது, வேறெங்கும் கிடைக்காத தகவல் அதில் கிடைக்கும். ஆனால் பெயர் போட்டுத் தேட முடியாது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

இன்னொன்று, அண்மைக்காலப் பதிவுகளின் படம் இணையத்தில் திறக்காது. பிறப்புக்கு 100 வருஷம், திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 கடந்திருக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்களைக் காப்பாற்றுகிற விதி, நியாயமானதுதான். அதற்குப் பிந்தையதைப் பார்க்க வேண்டுமானால் எடின்பரோவில் ராபர்ட் ஆடம் வடிவமைத்த பழைய பதிவு மாளிகைக்கு நாள் கட்டணம் கட்டிப் போய் உட்காரலாம்.

யாருக்கு இந்தத் தளம்? ஸ்காட்டிஷ் மருமகன் மருமகள் வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு, அப்புறம் ஸ்காட்டிஷ் குடும்பப் பெயரோடு சென்னையிலும் கோலாரிலும் இருக்கிற ஆங்கிலோ இந்தியர்களுக்கு. இந்தியாவில் தேடக் கிடைப்பதையெல்லாம் தேடி ஓர் ஊர்ப்பெயராவது கையில் கிடைத்த பிறகு இங்கே வாருங்கள்.

கிரெடிட்டை முதல் நாளே மொத்தமாக வாங்காதீர்கள், இரண்டு வருஷத்தில் காலாவதியாகிவிடும். முதலில் இலவசப் பட்டியலிலேயே முடிந்தவரை ஆட்களைக் கழித்துக்கட்டுங்கள். ஞானஸ்நானமும் திருமணமும் ஃபேமிலிசர்ச்சில் இலவசப் பட்டியலாக இருக்கின்றன, பல மாவட்டங்களின் கணக்கெடுப்பு ஃப்ரீசென் தளத்தில் தன்னார்வலர்கள் படியெடுத்து இலவசமாக வைத்திருக்கிறார்கள், அவற்றையும் ஒப்பிடுங்கள். முதல் 6 கிரெடிட்டை ஊரில் தங்கிய யாராவது ஒருவருடைய இறப்புப் பதிவுக்குச் செலவழியுங்கள். அவர் 1855இல் இறந்திருந்தால் இரண்டாவது யோசனையே வேண்டாம்.